ஆடி மாதத்தில் ஒரு ஆல்பம்

ஆடி 1, வியாழன்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். எங்கள் இசைக்குழு பெரிதாக வளர்ந்த பிறகு, ஆரம்பத்தில் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு கதை விடுவார்கள். அப்போது இதை எடுத்துக் காட்டலாம். மற்ற மூவரும் எழுதுகிற ஆட்கள் இல்லை.

குழுவின் பெயர் ஈசான மூலை. ஊர் திருச்சி. வகை ப்ராக்ரஸிவ் ராக். கிடார் லெஸ்லி, பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியன். தமிழில் கோபப்பட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பான். டிரம்ஸ் ஷாகுல், கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் அடித்துக் கை பழகியவன். கீபோர்டு பிருந்தா. லேப்டாப் அவளுடையது என்பதால் ஒலிப்பதிவும் அவள்தான், கடைசி வார்த்தையும் அவளுடையதுதான். பாடல் வரிகளும் குரலும் குணாளனாகிய நான். மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கிறேன் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

எங்கள் முதல் ஆல்பத்தில் மூன்றே பாட்டுகள். முதல் இரண்டிலும் வெறும் வாத்தியம்தான். மூன்றாவது, 'பேரண்டத்தில் ஒருவன்', இருபது நிமிடம். என் குரல் வருவது அதில் மட்டும்தான். அண்டவெளியில் வழி தவறிப்போன ஒருவனை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகக் கதை. இரண்டு வருடம் உழைத்து நாற்பத்தெட்டு வரி எழுதியிருக்கிறேன்.

'அண்டமே அண்டமே ஆதியின் பிண்டமே
கண்டமும் தாண்டிய காலத்தின் தண்டமே'

என்று தொடங்கும். "கடைசி வார்த்தை வரும்போது மட்டும் என்னையே பாத்துப் பாடுறடா" என்று ஷாகுலுக்கு வருத்தம்.

ஸ்டூடியோவுக்குப் போக வசதி இல்லை. ஆனால் ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சபாநாயகம் மாமாவின் கல்யாண மண்டபம் மாதம் முழுக்கக் காலியாக, அமைதியாக, நல்ல எதிரொலியோடு கிடக்கும். இந்த யோசனை என்னுடையது. அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

"ராக்குன்னா தலைய விரிச்சுப் போட்டு ஆடுவானுங்களே, அதானே?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா, இதுக்கு ஆட முடியாது. தாளம் ஏழு ஏழா வரும்."

"கூடச் சேர்ந்து பாடலாமா?"

"அதுவும் கஷ்டம்."

"ஆடவும் முடியாது, பாடவும் முடியாது. அப்ப எதுக்குடா அது?"

"கேக்கறதுக்கு மாமா."

யோசித்தார். குழுவின் பெயரைச் சொன்னதும்தான் முகம் மலர்ந்தது. வாஸ்துப்படி தெய்வம் குடியிருக்கும் மூலை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். நாங்கள் பயிற்சி செய்த லெஸ்லி வீட்டு அறைதான் ஈசான மூலை, அதை ஒட்டித்தான் அவர்கள் வீட்டுக் கழிவறை என்பதை நான் சொல்லவில்லை.

ஆடி 2, வெள்ளி

இன்று ஒன்றும் பதிவாகவில்லை. காரணத்தை நாளை எழுதுகிறேன். இப்போது காதுக்குள் உய்யென்று ஒரு சத்தம் மட்டும் இருக்கிறது.

ஆடி 3, சனி

ஆடியில் கல்யாணம் கிடையாது என்று யோசித்தேனே தவிர, ஆடியில் அம்மன் உண்டு என்பதை யோசிக்கவில்லை.

மண்டபத்துக்கு நேர் எதிரே, ஒரு சந்து தாண்டினால் காளியம்மன் கோயில். நேற்று விடியும்போதே குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. கட்டியிருக்கும் இடம் மின்கம்பம். அது மண்டபத்துக்குச் சரியாக ஈசான மூலை. ஜன்னல்களில் ஜமக்காளம் தொங்கவிட்டோம். கல்யாண மெத்தைகளை அடுக்கினோம். ஒரு பயனும் இல்லை. லெஸ்லி கண்ணை மூடி மென்மையாக ஒரு ஸ்வரம் வாசித்ததைப் பதிவில் கேட்டால், பின்னால் நாற்பது பெண்கள் குலவை போடுகிறார்கள்.

"ஆடி மாசம் அம்மன் கோயில்ல பாட்டுப் போடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று லெஸ்லி தமிழில் கத்தினான்.

"உனக்கு?" என்றேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவன்டா!"

"நான் பள்ளிவாசலுக்குப் போறவன்" என்று ஷாகுல் முந்திக்கொண்டான். மூவரும் பிருந்தாவைப் பார்த்தோம். வருடா வருடம் அவர்கள் வீட்டிலேயே அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திருச்சியில் பிறந்து வளர்ந்த நான்கு பேருக்கு இது தோன்றவில்லை. யோசனைக்கு அடிக்கோடு போட்டதை அழிக்கலாம் என்று பார்த்தேன், பேனாவில் எழுதியது.

"சாரி, மேன்" என்று லெஸ்லி சாயங்காலம் ஆங்கிலத்தில் வந்து சொன்னான்.

ஆடி 6, செவ்வாய்

மதியம் கரண்ட் போனது. ஒலிபெருக்கி நின்றது. ஆகா என்று எழுந்தோம். கிடாரும் நின்றிருந்தது.

ஆடி 8, வியாழன்

இன்று எங்கள் குழுவுக்கென்று ஒரு ஒலி பிறந்தது. ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க.

சமையல்கட்டில் சாம்பார் வைக்கும் பெரிய அண்டா ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து சீட்டாடலாம். சத்தத்துக்குத் தப்பித்து மைக்கைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தால் என்ன என்று பிருந்தா யோசித்தாள். அதற்கு லெஸ்லி, மைக்கோடு ஆம்ப்ளிஃபயரையும் உள்ளே இறக்கு என்றான். இறக்கி, மேலே மெத்தையைப் போட்டு மூடி, வெளியே நின்று கிடார் வாசித்தான். அப்படி ஒரு கார்வை. ஒரு ஸ்வரத்தை வாசித்தால் அது சுற்றிச் சுற்றி வந்து, போக மனமில்லாமல் போயிற்று. லெஸ்லிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பெருங்காய வாசனையும் காரணமாக இருக்கலாம்.

ஷாகுல் இன்னொரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு டிரம்ஸோடு சேர்த்துக்கொண்டான். 'பேரண்டத்தில் ஒருவன்' பாட்டின் கடைசிப் பகுதியில் கிடாரும் கீபோர்டும் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் ஏழு ஏழாகப் போகும். அங்கே அண்டாவில் 'டங்' என்று ஒரே ஒரு அடி விழும். அதுதான் நான் உள்ளே நுழைய வேண்டிய அடையாளம்.

நுழைந்தேன். ஒலிபெருக்கியின் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் முழு மூச்சில் பாடினேன். பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசிய குரல் இது. பாடி முடித்ததும் ஷாகுல் அண்டாவைத் தொட்டு அதன் அதிர்வை நிறுத்தினான்.

"குணா, உன் குரல் கொஞ்சம் தூரத்துல இருந்து வந்தா நல்லா இருக்கும்னு தோணுது" என்றாள் பிருந்தா. "கதைப்படி அண்டவெளியில இருந்து கூப்பிடுறதுதானே?"

நுட்பமான பெண். நாளை முதல் மேடையில் நிற்காமல் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பாடுகிறேன்.

ஆடி 11, ஞாயிறு

சாப்பாட்டுக் கூடம் போதாது என்கிறார்கள். சமையல்கட்டுக்கு மாறினேன். வரிகளையும் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. சுருங்கச் சொல்வதுதானே அழகு. நானே முன்வந்து குறைத்தேன்.

ஆடி 14, புதன்

சமையல்கட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு. வரிகள் நான்கு.

லெஸ்லி கட்டை விரலை உயர்த்திக் காட்டி, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா பெர்ஃபெக்ட்" என்றான். அதற்கு மேல் தள்ளிப் போனால் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கறிக்கடை. தூரத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராயும் குழு இந்தியாவிலேயே வேறு இருக்காது.

மோட்டார் ரூமில் கொசு அதிகம். வரும்போது ஒரு கொசுவத்திச் சுருள் வாங்கினேன். நீல சட்டையில் கிரீஸ் கறை. ஊற வைத்திருக்கிறேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்குப் போய்விட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை என்று காலையிலேயே கூடினோம்.

கோயில் கமிட்டியும் காவிரிக்குப் போயிருந்தது. போகும்போது பாட்டை ஓடவிட்டு, மைக் செட் வைத்திருந்த தகரக் கொட்டகையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆளே இல்லாத தெருவுக்கு அம்மன் பாட்டு மாலை வரை கேட்டது. நாங்கள் பிருந்தா கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

என் நான்கு வரிக்குப் பதிலாக வெறும் 'ஆ' என்று ஒரு ஆலாபனை போதுமா என்று பிருந்தா கேட்டாள். மொழி கடந்த இசை. யோசிக்கிறேன் என்றேன்.

ஆடி 19, திங்கள்

மாமா வந்தார். இருபத்தாறாம் தேதி பெயிண்டர்கள் வருகிறார்களாம். "உங்க அண்டா குண்டாவ எல்லாம் அதுக்குள்ள தூக்கிக்கங்க. அண்டா என்னோடது, அத வெச்சுட்டுப் போங்க."

இது வரை உருப்படியாக ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை. லெஸ்லி தரையில் படுத்துவிட்டான். ஆடியைச் சொன்னது நான்தான். எனவே சட்டையை மாற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன்.

விழாக் கமிட்டித் தலைவர் பழனியாண்டி கொட்டகையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதியத்தில் இரண்டு மணி நேரம் பாட்டை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"பாட்ட நிறுத்தலாம் தம்பி. பாட்டா எனக்குப் பெருசு? அறிவிப்பு சொல்றவனுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. கம்பு கொடுத்தவங்க, வெங்காயம் கொடுத்தவங்க எல்லாரும் தன் பேரு மைக்ல வரலன்னு சண்டைக்கு வர்றாங்க. அதுக்குப் பயந்துதான் பாட்டையே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, மோட்டார் ரூம்ல இருந்து ஒரு சத்தம் வருமே, அது நீங்கதானா?"

"கேக்குதா ஐயா?"

"கறிக்கடையில நிக்கறவன் பயந்துடறான் தம்பி. நல்ல கணீர்னு இருக்கு. வந்து மைக்ல பேசுறீங்களா?"

ஒப்பந்தம் இது. மதியம் இரண்டு மணி நேரம் நான் மைக் முன்னால் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் பாட்டு கிடையாது. அறிவிப்புகளைச் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாகச் சொல்லலாம். ஆனால் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் உபதலைவர் மைக்கைப் பிடித்துவிடுவார். அவர் பிடித்தால் விடமாட்டார் என்று தலைவரே சொன்னார்.

ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். ஷாகுல் என்னைத் தூக்கிச் சுற்றினான். பிருந்தா கைதட்டினாள்.

"அப்ப நான் எப்பப் பாடுறது?" என்று கேட்டேன்.

"அது பாத்துக்கலாம்டா" என்றான் லெஸ்லி. அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

ஆடி 20, செவ்வாய்

மைக்கில் முதல் நாள். நடுத்தெரு ரெங்கசாமி குடும்பத்தார் ஒரு மூட்டைக் கம்பு. பூக்காரம்மா வள்ளியம்மை, கூழுக்கு மாங்காய். பெயரைச் சொல்லி ஒரு விநாடி நிறுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. மாங்காய் கொடுத்த அம்மாள் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மண்டபத்தில் முதல் பாட்டு முழுதாகப் பதிவாகிவிட்டது.

ஆடி 22, வியாழன்

இரண்டாவது பாட்டும் முடிந்தது. சாயங்காலம் போட்டுக் காட்டினார்கள். அண்டாவுக்குள் சுற்றும் கிடாரும், அதன் காலடியில் ஷாகுலின் அடியும், பிருந்தாவின் விரலும். இது வரை நான் கேட்ட எந்த இசை மாதிரியும் இல்லை. நாங்கள்தான் செய்தோமா என்று இருந்தது. அவர்கள்தான் செய்தார்களா என்று எழுதுவது சரியாக இருக்கும்.

தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

ஆடி 23, வெள்ளி

'பேரண்டத்தில் ஒருவன்' ஒத்திகை. மைக் வேலை முடிந்து நான் மண்டபத்துக்குள் நுழையும்போது கடைசிப் பகுதி போய்க்கொண்டிருந்தது. 'டங்' விழுந்தது. நான் நுழைய வேண்டிய இடம். யாரும் நுழையவில்லை. டிரம்ஸ் மட்டும் தனியாகப் போய் முடிந்தது.

ஷாகுல் என்னைப் பார்க்காமல், "பாட்டே இல்லாம செமையா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டான். பிறகு பார்த்துவிட்டு அண்டாவைத் தடவினான்.

"'டங்' மட்டும் இருக்கட்டும் குணா. அது நல்லா இருக்கு" என்றாள் பிருந்தா, மெதுவாக.

நானும் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மோசமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நீல சட்டையை மறுபடி தேய்த்துத் துவைத்தேன். கறை போகவில்லை.

ஆடி 24, சனி

எழுத ஒன்றுமில்லை. மூன்றாவது பாட்டு இன்று பாதியிலேயே தடுமாறிவிட்டதாம். கூழுக்கு உரித்த சின்ன வெங்காயம் கொடுத்தவர்கள் பட்டியல் நீளம்.

ஆடி 25, ஞாயிறு

இன்று கூழ் ஊற்றும் நாள். பெயிண்டர் நாளைக் காலை வருகிறான். அந்த இருபது நிமிடப் பாட்டை இன்றைக்குள் பதிவு செய்தாக வேண்டும். தெருவில் தலை தலையாகக் கூட்டம். பழனியாண்டி முதலில் முடியாது என்றார். "அம்மனுக்கே இன்னிக்குத்தான் தம்பி நாளு!" ஆனால் இந்த ஐந்து நாளில் நான் யார் யார் வீட்டு வெங்காயத்தையோ வாழ வைத்திருக்கிறேன். கடைசியில் கூழ் ஊற்றும் நேரத்தில் அரை மணி நேரம் மைக்கை அணைத்து வைக்கச் சம்மதித்தார். வாயில் கூழ் இருக்கும்போது யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள் என்பது என் வாதம்.

மண்டபத்தில் புழுக்கம் தாங்காமல் அண்டா மேலிருந்த மெத்தையை எடுத்துவிட்டுச் சமையல்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சந்து குறுகல். கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் ஷாகுலின் அடி எனக்கு நன்றாகவே கேட்டது. பாட்டு தொடங்கிவிட்டது.

எனக்கு அந்தப் பாட்டு முழுதும் உடம்புக்குள் இருக்கிறது. இரண்டு வருடம். கண்ணை மூடினேன். தொடையில் ஏழு ஏழாகத் தட்டினேன். எந்தத் தவறும் இல்லை. இவ்வளவு சுத்தமாக அவர்கள் இதுவரை வாசித்ததே இல்லை. தலை தன்னால் ஆடியது. தோளும் ஆடியது. கண்ணைத் திறந்தால் முன்னால் நான்கைந்து பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருவர் வேப்பிலையோடு வந்துவிட்டார்.

"சாமி, எம் மகளுக்கு எப்ப சாமி முடியும்?" என்று கேட்டார்.

"ஆவணி பொறந்ததும் மாமா மண்டபத்துல வைங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெரியம்மா வந்தார். பெயர் பஞ்சவர்ணம். கையில் கூழ்ச் செம்பு.

"தம்பி, எங்க வீட்டுக்காரரக் காணோம். முத்துக்கருப்பன். மைக்ல கூப்பிடு."

"கொஞ்ச நேரம் பொறுங்கம்மா."

"என்ன பொறுக்கறது? வீட்டுச் சாவி அவருகிட்ட இருக்கு. அடுப்புல பால வெச்சுட்டு வந்திருக்கேன், அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல."

"இன்னும் கொஞ்சம்..."

"நீ கூப்பிடுறியா, நானே கூப்பிட்டுக்கவா?" என்று மைக் பக்கம் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் உபதலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது.

பதினேழாவது நிமிடமாக இருக்கும். இப்போது மைக்கைத் திறந்தால், லெஸ்லியின் மிக மெல்லிய இடத்தில் முத்துக்கருப்பன் வந்து விழுவார். பாட்டு போய்விடும். நாளைக்குப் பெயிண்டர். மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பெரியம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். பால் பொங்கிக்கொண்டிருக்கிறது, வீடு தீப்பிடித்தால் யார் பொறுப்பு, இவனுக்குச் சாமியும் வரவில்லை ஒன்றும் வரவில்லை என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கிடார் ஓய்ந்தது. கீபோர்டு ஓய்ந்தது. டிரம்ஸ் மட்டும்.

"இப்பக் கூப்பிடுறேன்மா" என்றேன். "இதோ, இப்ப."

டங்.

மைக்கைத் திறந்தேன். தொண்டையைச் செருமவில்லை. வேகமாகப் பேசவில்லை. ஷாகுலின் அடி எங்கே விழுகிறதோ அங்கே காலை வைத்து நடப்பது போலச் சொன்னேன்.

"முத்துக்கருப்பன்... முத்துக்கருப்பன் அவர்கள்... எங்கிருந்தாலும்... உடனடியாக... கொட்டகைக்கு வரவும். உங்களுக்காக... உங்கள் வீட்டார்... காத்திருக்கிறார்கள். எங்கிருந்தாலும்... எங்கிருந்தாலும்... உடனடியாக வரவும்."

அணைத்தேன். டிரம்ஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

முத்துக்கருப்பன் வந்து சேர்ந்தார். எங்கள் மண்டபத்திலிருந்து வந்தார்! வெயிலுக்கும் கூட்டத்துக்கும் தப்பித்துத் திறந்திருந்த சமையல்கட்டு வழியாக உள்ளே போய், மூலையில் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்டிருக்கிறார். கண்ணை மூடி வாசித்தவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"நிம்மதியா ஒரு எடத்துல உக்கார விடமாட்டியா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாராம், அவரே அணைத்தாராம்.

நான் மண்டபத்துக்குள் போகவில்லை. பாட்டைக் கெடுத்துவிட்டேன். வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த 'டங்'குக்காகத்தான் காத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். கைபேசியை அணைத்துவிட்டுச் சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆடி 26, திங்கள்

விடிந்ததும் மூன்று பேரும் வீட்டு வாசலில் நின்றார்கள். ஷாகுல் என் சட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினான். அடிக்கத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் பெயிண்டர்கள் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிருந்தா என் தலையில் ஹெட்போனை மாட்டினாள்.

கடைசிப் பகுதி. டிரம்ஸ் மட்டும். டங். அதற்குப் பிறகு, சுவர்களுக்கு அப்பால், தெருவுக்கு அப்பால், எங்கேயோ வெகு தூரத்தில் ஒரு குரல் ஒருவனைக் கூப்பிடுகிறது. தகரக் குழாய் வழியாக வந்து, கதவு வழியாக நுழைந்து, அண்டாவுக்குள் சுற்றி வருகிறது. பெயர் தெளிவாக இல்லை. 'எங்கிருந்தாலும்' மட்டும் தெளிவாக இருக்கிறது. குரல் நின்று டிரம்ஸும் ஓய்ந்த பிறகு, தரையில் இரும்பு நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம் நடந்து நடந்து போகிறது. கதவு கிறீச்சிடுகிறது. அவ்வளவுதான், ஆல்பம் முடிந்துவிடுகிறது.

"நாற்பத்தெட்டு வரியில நீ சொல்ல வந்தது இதுதானேடா?" என்றான் லெஸ்லி. தமிழில் சொன்னான், ஆனால் கோபம் இல்லை.

பிருந்தா தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் தூரம் தூரம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் குணா. நிஜமா அது நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது. சாரி."

"தெரியும்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"மோட்டார் ரூம்ல இருந்து."

உண்மையில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தே தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்ற பயம். இவர்களை விட்டால் எனக்குப் போக வேறு இடம் கிடையாது.

அட்டைக்குப் பெயர்கள் தட்டச்சு செய்யும்போது பிருந்தா நிறுத்திக் கேட்டாள். "உன் பேருக்கு முன்னாடி என்ன போடட்டும்? அறிவிப்புன்னு போடவா, குரல்னு போடவா?"

"குரல்" என்றேன். எவ்வளவு கணீரென்று சொன்னேனோ, சாரத்தின் மேலே இருந்த பெயிண்டர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

ஆவணி 12, வியாழன்

ஆல்பம் இணையத்தில் வெளியாகிவிட்டது. கேட்டவர்கள் அதிகம் இல்லை. எந்த நாட்டு ஆளோ தெரியவில்லை, ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்: 'கடைசியில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். மொழி புரியவில்லை. ஆனால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது.' லெஸ்லி இதைப் பத்து முறை படித்துக் காட்டிவிட்டான். முத்துக்கருப்பனுக்கும் நேரில் போய்ப் போட்டுக் காட்டினோம். தன் செருப்புச் சத்தம் வரும் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி கேட்டார்.

இன்று காலை மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்த பிறகு மாமா ஓய்வாக உட்கார்ந்தார். பெயிண்ட் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து வந்தது. எங்கள் அண்டாவில்தான் சாம்பார். "போடுடா, அப்படி என்னதான் பண்ணீங்கன்னு பாப்போம்" என்றார். கைபேசியை ஸ்பீக்கரில் இணைத்துக் கடைசிப் பாட்டைப் போட்டேன்.

இரண்டாவது நிமிடத்தில் கண்ணை மூடினார். ஐந்தாவது நிமிடத்தில் குறட்டை. நான் நிறுத்தவில்லை, எனக்காகவே ஓடவிட்டேன். டங் விழுந்தது. தூரத்திலிருந்து அந்தக் குரல் வந்ததும் மாமா விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செருப்புச் சத்தம் போய் மறையும் வரை அசையவில்லை.

"டேய் குணா" என்றார். "அந்த ஆளு கடைசியில கிடைச்சானா இல்லியா?"

தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"கிடைச்சுட்டான் மாமா."